பாரிஸ்டர் எப்போது வருவார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் நடக்கும் கனமான குற்ற வழக்குகளைப் பற்றியவை. கொலை, கூட்ட மோதல், போதைப்பொருள் போன்ற வழக்குகளில், கோர்ட்டில் வாதாடும் வக்கீலான பாரிஸ்டர் என்னதான் செய்கிறார், குடும்பத்தார் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமும் வேறு, கோர்ட் நடைமுறையும் வேறு.

கேள்வி: என் அக்காவின் மகனைக் கொலை வழக்கில் பிடித்திருக்கிறார்கள். வயது 22. ஸ்டேஷனுக்குச் சொலிசிட்டர் மட்டும்தான் வந்தார், பாரிஸ்டரைக் காணவில்லை. நல்ல பாரிஸ்டரை நாங்களே நேரில் அமர்த்தலாமா? ஜாமீன் கிடைக்குமா? – வாசகி, ஹாரோ

பாரிஸ்டர் வரவில்லையே என்று கலங்காதீர்கள், முறையே அதுதான். ஸ்டேஷனில் உடன் இருப்பது, சாட்சிகளைத் தேடுவது, நிபுணர்களை அமர்த்துவது, அரசுத் தரப்பான சி.பி.எஸ்.ஸோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் சொலிசிட்டர் பொறுப்பு. வழக்கை எந்த வழியில் நடத்துவது என்று ஆலோசனை எழுதுவதும், கனமான குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி முன் நின்று வாதாடுவதும் பாரிஸ்டர் பொறுப்பு. அவரைத் தேர்ந்து அமர்த்துபவரும் சொலிசிட்டரே. பொதுமக்கள் நேரடியாகப் பாரிஸ்டரிடம் போகும் வழி 2004 முதல் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் அரசு செலவை ஏற்கும் லீகல் எய்ட் கிடையாது. கொலை வழக்கின் அன்றாட வேலைகளைச் செய்ய ஓர் அலுவலகமும் வேண்டும். ஆகவே உங்கள் பணத்தையும் நேரத்தையும் நல்ல சொலிசிட்டரைப் பிடிப்பதில் செலவிடுங்கள். குற்ற வழக்கு மட்டுமே எடுக்கும் நிறுவனமாக இருக்கட்டும். வீடு வாங்க உதவியவர், விசா பார்த்தவர் இதற்கு ஆகாது. கொலை வழக்கில் கிங்ஸ் கவுன்சில் எனப்படும் மூத்த பாரிஸ்டர் ஒருவரும் ஜூனியர் ஒருவருமாக இரண்டு பாரிஸ்டர்களுக்கு லீகல் எய்டிலேயே அனுமதி கேட்கலாம்.

கொலை வழக்கில் ஜாமீன் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை. வழக்கு உடனே கிரவுன் கோர்ட்டுக்குப் போகும். அங்கே நீதிபதி 48 மணி நேரத்துக்குள் ஜாமீனைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். வார இறுதியும் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரா. வெளியே விட்டால் யாருக்கும் உடலாலோ மனதாலோ தீங்கு வரும் குறிப்பிடத்தக்க அபாயம் இல்லை என்று நீதிபதிக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். கிடைப்பது அபூர்வம். கேட்பதாக இருந்தால் சாட்சிகள் வசிக்கும் பகுதிக்குத் தள்ளி ஒரு முகவரி, பிணை நிற்பவரின் வங்கிக் கணக்கு விவரம், பாஸ்போர்ட் மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்து சொலிசிட்டரிடம் கொடுங்கள்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து அனுப்பிய 28 நாளுக்குள் கிரவுன் கோர்ட்டில் முதல் முக்கிய விசாரணை வழக்கமாக நடக்கும். அன்றுதான் பெரும்பாலும் பாரிஸ்டரை முதலில் பார்ப்பீர்கள். காவலில் வைத்தபடி ஜூரி முன் விசாரணையைத் தொடங்க 182 நாள் வரம்பு உண்டு. அதை நீட்டிக்க அரசுத் தரப்பு தக்க காரணம் காட்டி, தாங்கள் சுணங்காமல் வேலை செய்ததையும் நிரூபிக்க வேண்டும். 2024இல் கிரவுன் கோர்ட்டுகளில் தேங்கிய வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டன. ஆகையால் நீண்ட காத்திருப்புக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் குடும்பம் முழுவதற்கும் சொல்லிவையுங்கள். சிறையிலிருந்து வரும் போன் அழைப்புகள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நினைத்து வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள். அதை மொழிபெயர்த்து ஜூரி முன் வைக்கலாம். சாட்சியின் வீட்டாரைச் சந்தித்து "சமாதானம்" பேசவும் போகாதீர்கள். போனவர்மீதே தனி வழக்கு வரும்.

கேள்வி: போலீஸ் கேட்கும்போது வாயே திறக்கக் கூடாது என்கிறார்கள் சிலர். உண்மையைச் சொல்லிவிட்டால் நல்லது என்கிறார்கள் சிலர். எது சரி? – வாசகர், ஈஸ்ட் ஹாம்

எந்தப் பக்கம் போவது என்பதை சொலிசிட்டரோடு தனியாகப் பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும். ஸ்டேஷனில் அந்த ஆலோசனை எல்லோருக்கும் இலவசம். "நான் தப்பே செய்யவில்லை, எனக்கு எதற்கு வக்கீல்" என்று அதை மறுப்பவர்கள்தாம் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊர்ப் பழக்கம் இங்கே தவறான வழி காட்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுச் சட்டப்படி சாட்சியமாகாது. இங்கே அப்படி இல்லை. ஸ்டேஷன் விசாரணை முழுவதும் பதிவாகி, அதன் எழுத்து வடிவம் ஜூரி முன் வாசிக்கப்படும். பேசாமல் இருந்தாலும் விளைவு உண்டு. கைதின்போது சொல்லும் எச்சரிக்கையின் பொருள் இது: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பின்னால் கோர்ட்டில் எதை நம்பி வாதாடப் போகிறீர்களோ அதை இப்போது கேட்கும்போது சொல்லாமல் விட்டால் உங்கள் தரப்புக்குக் கேடாகலாம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இது. அன்று சொல்லாததை ஓர் ஆண்டு கழித்துச் சொன்னால் "பிறகு உட்கார்ந்து யோசித்துப் புனைந்தது" என்று ஜூரி கருதலாம். அந்த மௌனத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, அவ்வளவே.

நடுவழி ஒன்று உண்டு. தன் தரப்பின் முக்கிய விஷயங்களை, எங்கே இருந்தேன், யாரோடு, என்ன நடந்தது என்று, சொலிசிட்டர் உதவியோடு எழுதி வாசித்துக் கொடுத்துவிட்டு மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது. போலீஸ் தங்களிடம் உள்ள சாட்சியத்தைக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கும்போது இது நல்ல காப்பு. ஆனால் எழுதியதில் ஒரு முக்கிய விஷயம் விட்டுப்போனால், விட்டுப்போன அந்த விஷயத்துக்கு மௌனத்தின் கேடு அப்படியே பொருந்தும். "வக்கீல் சொன்னார், பேசவில்லை" என்பது மட்டும் முழுக் காப்பாகாது. ஏன் அப்படிச் சொன்னார் என்று விளக்கப் போனால் வக்கீலோடு பேசிய இரகசியத்தையே திறந்துவிட வேண்டி வரும்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடையில் இருபது வருடம் ஆங்கிலம் பேசியவரும் இரவு மூன்று மணிக்குக் கொலை விசாரணையில் தடுமாறுவார். மொழிபெயர்ப்பும் இலவசம். பின்னால் பாரிஸ்டர் செய்ய வேண்டியது: தமிழ்ப் பதிவை வேறொரு சுயாதீன மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, போலீஸ் தயாரித்த ஆங்கில எழுத்தோடு வரி வரியாக ஒப்பிட வைப்பது. யாழ்ப்பாணத்தவர் பேச்சைச் சென்னைக்காரரோ, சென்னைக்காரர் பேச்சை யாழ்ப்பாணத்தவரோ மொழிபெயர்த்திருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். திருத்தம் ஜூரி கைக்குப் போகும் முன்பே நடக்க வேண்டும்.

கேள்வி: நூறு பேர் கூடிய சண்டையில் என் தம்பியும் நின்றான். கத்தி எடுத்தது வேறொருவன். இவனுக்கும் கொலைக் குற்றம் என்கிறார்களே, நியாயமா? – வாசகர், குரோய்டன்

கூட நின்றது மட்டும் குற்றமல்ல. 2016இல் ஜோகீ வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் திருத்திச் சொன்னது. அதற்கு முன், கூட்டாளி கொல்லக்கூடும் என்று முன்கூட்டி ஊகித்திருந்தாலே கொலைக் குற்றத்துக்குப் போதும் என்று நடந்துவந்தது. இப்போது கொலைக்கு உதவவோ ஊக்கவோ செய்யும் நோக்கம் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். ஊகித்திருந்தது அந்த நோக்கத்துக்கு ஒரு சாட்சியம் மட்டுமே. அடிதடியில் சேர்ந்தவர், கொலை நோக்கம் இல்லாதிருந்தும் ஆள் செத்துப்போனால், கொலைக்குக் கீழான மரண விளைவுக் குற்றத்துக்கு ஆளாகலாம்.

இத்தகைய வழக்கில் பாரிஸ்டர் ஒரே கேள்வியைத்தான் ஆயிரம் முறை கேட்பார்: உங்கள் தம்பி எந்த நொடியில் எங்கே நின்றார், கைகள் என்ன செய்தன, ஆயுதத்தைப் பார்த்திருக்க முடியுமா, பார்த்த பின் என்ன செய்தார்? முன்னே ஓடினாரா, பின்வாங்கினாரா? இதற்கான பதில் சி.சி.டி.வி.யில் இருக்கும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குழுச் செய்திகளில் இருக்கும்.

பத்துப் பேரை ஒன்றாக நிறுத்தினால் ஆளுக்கொரு பாரிஸ்டர் வேண்டும். ஒருவர் மற்றவர்மீது பழி போடும் நிலை வந்தால் ஒரே சொலிசிட்டர் இருவருக்கும் இருக்க முடியாது. செலவு மிச்சம் என்று ஆரம்பத்தில் ஒரே ஆளைப் பிடித்துவிட்டு, பாதியில் அவர் விலகி, புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும் நிலை அடிக்கடி வருகிறது. நண்பர்களின் குடும்பங்கள் கூடி ஒரே கதையாகப் பேசிவைப்பது அதைவிட மோசம்.

கேள்வி: "பேப்பர் படிக்க வேண்டும், நேரம் வேண்டும்" என்றே பாரிஸ்டர் சொல்கிறார். ஆயிரக்கணக்கான பக்கத்தில் அப்படி என்ன தேடுகிறார்? – வாசகர், டூட்டிங்

பெரிய வழக்கில் வெற்றி தோல்வியை இந்தப் படிப்புத்தான் தீர்மானிக்கிறது. கோர்ட்டில் பேசுவது அதன் கடைசிப் பகுதி.

முதலில் குற்றப்பத்திரிகையையும் அரசுத் தரப்பின் சுருக்கத்தையும் படித்து, எந்தெந்த அம்சத்தை அவர்கள் நிரூபித்தாக வேண்டும் என்று பிரித்துக்கொள்வார். பிறகு தனக்கென ஒரு காலவரிசை அட்டவணை போடுவார். ஒரு பத்தியில் நேரம், அடுத்ததில் நடந்தது, அடுத்ததில் எந்தப் பக்கத்தில் ஆதாரம், கடைசியில் இரு தரப்புக்கும் சம்மதமா தகராறா. அரசுத் தரப்பும் வண்ண வண்ணமாக ஓர் அட்டவணை தயாரித்து ஜூரிக்குக் கொடுக்கும். அதன் ஒவ்வொரு வரியையும் மூல ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பது சலிப்பூட்டும் வேலை. ஆனால் வழக்கைத் திருப்பிப் போடும் பிழைகள் அங்கேதான் கிடக்கின்றன.

எங்கே பிழை வரும்? போனிலிருந்து இறக்கிய தரவில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மார்ச் இறுதி முதல் அக்டோபர் இறுதிவரை பிரிட்டன் நேரம் அதைவிட ஒரு மணி முன்னால். மாற்றாமல் அட்டவணையில் போட்டுவிட்டால் ஆள் சம்பவ இடத்தில் இருந்ததாகவோ இல்லாததாகவோ பொய்யாகத் தோன்றும். கடைகளின் சி.சி.டி.வி. கடிகாரம் பல நிமிடம் பிசகி ஓடும். காட்சியை எடுத்த அதிகாரி சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு எங்கே என்று கேட்க வேண்டும். செல் கோபுரச் சாட்சியம் போன் எந்தக் கோபுரத்தோடு பேசியது என்பதைத்தான் காட்டும். எந்தத் தெருவில், எந்த வீட்டில் என்று அது சொல்லாது. "இந்த இடத்தில் இருந்திருக்கக்கூடும்" என்று நிபுணர் எழுதியது அரசுத் தரப்பு வக்கீல் வாயில் "இருந்தார்" என்று மாறும்போது எழுந்து தடுக்க வேண்டும்.

போதைப்பொருள் வழக்குகளில் இப்போது பெரும் சண்டை, போன் யாருடையது என்பதுதான். 2020இல் என்க்ரோசாட் என்ற இரகசியப் போன் வலையைப் பிரெஞ்சுப் போலீஸ் ஊடுருவியது. அந்தச் செய்திகளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2021 பிப்ரவரியில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து பல வழக்குகளில் மிஞ்சும் கேள்வி, இந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதே. பிறந்தநாள் வாழ்த்து, அனுப்பிய படம், சொந்தப் போனும் இரகசியப் போனும் ஒரே கோபுரங்களில் சேர்ந்து நகர்ந்தது ஆகியவற்றைத் தொடுத்து அரசுத் தரப்பு காட்டும். பாரிஸ்டர் அந்தத் தொடுப்பில் பொருந்தாத நாள்களைத் தேடுவார்.

அடுத்தது, போலீஸ் சேகரித்தும் வழக்கில் பயன்படுத்தாத ஆவணங்கள். பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுத் தரப்பைப் பலவீனப்படுத்தவோ எதிர்த்தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு, உதவவோ கூடியதெனக் கருதத்தக்க எதையும் அவர்கள் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு ஒரு வரி விவரத்தோடு பட்டியல் மட்டும் வரும். "அதிகாரியின் குறிப்பேடு" என்று ஒரு வரி இருந்தால் அதற்குள் சாட்சி முதலில் வேறு மாதிரிச் சொன்னது இருக்கலாம். 999 அழைப்புப் பதிவு, சம்பவப் பதிவேடு, சாட்சிகளின் முந்தைய வாக்குமூலங்கள் போன்றவை பொதுவாகத் தரத்தக்கவை என்றே தொடங்க வேண்டும் என்று அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் வழிகாட்டல் சொல்கிறது.

ஆனால் கேட்கும் உரிமை சும்மா வராது. கிரவுன் கோர்ட் வழக்கில் எதிர்த்தரப்பும் தன் நிலையை எழுதிக் கொடுக்க வேண்டும். அரசுத் தரப்பு ஆவணங்களைத் தரும் முதல் வெளிப்படுத்தல் முடிந்த 28 நாளுக்குள் இந்த அறிக்கை போக வேண்டும். எதை மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம், வேறிடத்தில் இருந்தோம் என்றால் யார் சாட்சி என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைப் பாரிஸ்டர் கையால் எழுதுவதே நல்லது. "குற்றச்சாட்டை மறுக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதினால் பதிலுக்கு வருவதும் ஒன்றுமில்லாமல் இருக்கும். எந்தத் தகராறுக்கு எந்த ஆவணம் உதவும் என்று இணைத்துக் காட்டினால், கொடுக்க மறுக்கும்போது அதே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் நீதிபதியிடமே கேட்கலாம். 2017 டிசம்பரில் குரோய்டன் கிரவுன் கோர்ட்டில் ஒரு பாலியல் வழக்கு விசாரணை நடுவிலேயே கைவிடப்பட்டது. புகாரளித்தவரின் போனிலிருந்து எடுத்த சுமார் 40,000 செய்திகள் அதுவரை எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பாற்றும் செய்திகள் அவற்றில் இருந்தன.

படித்து முடித்ததும் தகராறில்லாத விஷயங்களை ஒப்புக்கொண்ட உண்மைகளாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். "எல்லாவற்றையும் மறுங்கள்" என்று பாரிஸ்டரை நெருக்காதீர்கள். ஜூரியின் கவனம் ஒரு கையளவுதான். அதைத் தகராறான இடத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டும்.

கேள்வி: சினிமாவில் குறுக்கு விசாரணையில் சாட்சியை உடைத்து அழவைக்கிறார்கள். உண்மையிலும் அப்படியா? – சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

அப்படிச் செய்பவரை ஜூரிக்குப் பிடிக்காது, நீதிபதியும் நிறுத்திவிடுவார். நல்ல குறுக்கு விசாரணையில் கேள்விகள் சின்னவை. ஒரு கேள்வியில் ஒரு விஷயம். பதில் "ஆம்" அல்லது "இல்லை" என்றே வர வேண்டும், எதிர்பாராத பதில் வந்தால் காட்ட ஆவணம் கையில் இருக்க வேண்டும். "தெரு விளக்கு எரியவில்லை?", "நீங்கள் நின்றது எதிர்ப்புறம்?", "நடுவில் பஸ் நின்றது?" என்று மூன்று கற்களை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். "அப்படியானால் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள்?" என்று நாலாவதாகக் கேட்டால் சாட்சி ஒரு நல்ல விளக்கம் சொல்லிவிடுவார். அந்த முடிச்சைக் கடைசி உரையில் பாரிஸ்டரே போடலாம்.

கட்டாயக் கடமை ஒன்று உண்டு. தன் கட்சிக்காரர் சொல்லப்போகும் கதை சாட்சியின் கதையோடு முரண்பட்டால் அதைச் சாட்சியிடமே வைத்து, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வைக்காமல் விட்டால் பிறகு கட்சிக்காரர் கூண்டில் ஏறிச் சொல்லும்போது "இதை ஏன் உங்கள் வக்கீல் கேட்கவே இல்லை?" என்று அரசுத் தரப்பு பிடித்துக்கொள்ளும். கட்சிக்காரரின் அறிவுறுத்தல்களை முழுமையாக எழுதி வாங்குவது இதற்காகவும்தான்.

சாட்சியின் நடத்தையைத் தாக்குவதற்கும் விலை உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறர் நடத்தைமீது சேறு வீசினால் உங்கள் கட்சிக்காரரின் பழைய தண்டனைகள் ஜூரி முன் வரக் கதவு திறக்கலாம். சுத்தமான பதிவு உள்ளவருக்குப் பொருந்தும் உத்தி, பழைய தண்டனை உள்ளவரைக் கவிழ்க்கும்.

குழந்தைகளையும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளையும் கேட்பது தனிக் கலை. விசாரணைக்கு முன் நீதிபதி ஒரு விதிமுறை விசாரணை வைப்பார். கேள்விகளை முன்கூட்டி எழுதிக் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் சாட்சிக்குப் புரியும்படி கேட்க உதவும் இடையாளர் இருப்பார். "நீ பொய் சொல்கிறாய், இல்லையா?" போன்ற வால் கேள்விகளுக்கு இடமில்லை. பல வழக்குகளில் இந்தக் குறுக்கு விசாரணையை முன்பே பதிவு செய்து ஜூரிக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பாலியல் வழக்கில் புகாரளித்தவரின் முந்தைய உறவுகளைப் பற்றிக் கேட்க 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தடை போடுகிறது. குறுகிய விதிவிலக்குகளுக்குள் வந்தால்தான், அதுவும் நீதிபதி அனுமதித்தால்தான் கேட்கலாம்.

கேள்வி: குற்றம் செய்தவன் என்று தெரிந்தும் வாதாடுவது பாவமில்லையா? – வாசகர், தஞ்சாவூர்

தெரிவது வேறு, சந்தேகிப்பது வேறு. பாரிஸ்டரின் சந்தேகத்துக்கு வழக்கில் இடமே இல்லை. நம்பமாட்டேன், பிடிக்கவில்லை என்று வழக்கை மறுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. தன் துறையில் வரும் வழக்கை, நேரமும் தகுந்த கட்டணமும் இருந்தால் ஏற்கத்தான் வேண்டும். வெறுக்கப்படுகிற மனிதனுக்கும் வக்கீல் கிடைப்பது இந்த விதியால்தான். இதை மாற்றச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கட்சிக்காரர் "நான்தான் செய்தேன்" என்று பாரிஸ்டரிடமே ஒப்புக்கொண்டால் எல்லை மாறும். அரசுத் தரப்பின் சாட்சியம் போதுமானதா என்று சோதிக்கலாம். அவர் செய்யவில்லை என்றோ வேறிடத்தில் இருந்தார் என்றோ சொல்ல முடியாது. அவரைக் கூண்டில் ஏற்றிப் பொய் சொல்லவைக்கவும் முடியாது. அதற்கு அவர் வற்புறுத்தினால் பாரிஸ்டர் விலகிவிடுவார். காரணத்தை வெளியே சொல்லமாட்டார்.

கேள்வி: விசாரணைக்கு முன் என் கணவருக்குக் கேள்வி பதில் ஒத்திகை பார்க்கும்படி கேட்டோம். பாரிஸ்டர் மறுத்துவிட்டார். அக்கறை இல்லையா? – வாசகி, லூட்டன்

சட்டம் தடுப்பதைத்தான் அவர் மறுத்திருக்கிறார். வழக்கின் விஷயங்களை வைத்துச் சாட்சியைப் பழக்குவது கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மொமொடு வழக்கில் 2005இல் உறுதியாகச் சொன்னது. கோர்ட் அறை எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம் என்று சொல்லித் தரலாம். தன் வாக்குமூலத்தை அவர் திரும்பப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும்.

கூண்டில் ஏறுவதா வேண்டாமா என்பது கணவரின் முடிவு, பாரிஸ்டர் ஆலோசனை மட்டும் சொல்வார். ஏறாவிட்டால் ஜூரி அதை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி சொல்லக்கூடும். அதனால் முடிவை எழுதிக் கையெழுத்து வாங்கிவைப்பார்கள். இந்தத் தேர்வுக்கு முன் ஒரு கட்டம் உண்டு. அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், எந்த ஜூரியும் இதை வைத்து முறையாகத் தண்டிக்க முடியாது என்று பாரிஸ்டர் வாதிடலாம். நீதிபதி ஏற்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை எவ்வளவு குறையும்? – வாசகர், பர்மிங்காம்

முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் அதிகபட்சம் நாலில் ஒரு பங்கு. அதன்பின் படிப்படியாக இறங்கி விசாரணையின் முதல் நாளில் பத்தில் ஒரு பங்கு. கொலைக்குக் கணக்கு வேறு: ஆயுள் தண்டனை கட்டாயம். சிறையில் இருந்தாக வேண்டிய குறைந்தபட்சக் காலத்தில் அதிகபட்சம் ஆறில் ஒரு பங்கு, அதுவும் ஐந்து வருடத்துக்கு மேல் போகாது. அந்தக் குறைந்தபட்சக் காலமே வயது வந்தவருக்குப் பொதுவாக 15 வருடத்தில் தொடங்கும். கத்தியைச் சம்பவ இடத்துக்குக் கொண்டுபோனால் 25, துப்பாக்கி போன்றவற்றில் 30. செய்யாத குற்றத்தைத் தள்ளுபடிக்காக ஒப்புக்கொள்ளும்படி எந்தப் பாரிஸ்டரும் வற்புறுத்தக் கூடாது. பிறகு அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

கேள்வி: வீட்டை விற்றுத் தனிக் கட்டணம் கட்டலாமா? விடுதலையானால் பணம் திரும்புமா? – வாசகர், வெம்பிளி

அவசரப்பட்டு விற்காதீர்கள். முதலில் லீகல் எய்டுக்கு மனுப் போடுங்கள், கிடைக்காது என்று தெரிந்தாலும் போடுங்கள். 2014இல் வந்த விதிப்படி, குடும்பத்தின் கையில் நிற்கும் ஆண்டு வருமானம் 37,500 பவுண்டைத் தொட்டால் கிரவுன் கோர்ட் லீகல் எய்ட் கிடையாது. அப்படி வருமானத்தால் மறுக்கப்பட்டவர்கள் மட்டுமே விடுதலைக்குப் பின் செலவைக் கேட்கலாம். அதுவும் லீகல் எய்ட் கட்டண அளவுக்குத்தான், கொடுத்தது முழுவதும் அல்ல. மனுவே போடாமல் தனியாகக் கட்டியவருக்கு ஒன்றும் வராது. லீகல் எய்ட் பாரிஸ்டர் என்றால் இரண்டாந்தரம் என்ற நினைப்பும் தவறு. மிகக் கடினமான கொலை வழக்குகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது அவர்களே.

கேள்வி: தண்டனை வந்து மூன்று வாரமாகிறது. ஜூரி தவறு செய்துவிட்டது. மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் மறுபடி விசாரிப்பார்களா? – வாசகி, இல்ஃபோர்ட்

உங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, ஆகவே இன்றே சொலிசிட்டரைக் கூப்பிடுங்கள். தீர்ப்புக்கு எதிரான மனுவுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 28 நாள், தண்டனை அளவுக்கு எதிரானதற்குத் தண்டனை சொன்ன நாளிலிருந்து 28 நாள். இரண்டும் வேறு வேறு நாளில் நடந்திருந்தால் தனித்தனியாக எண்ண வேண்டும். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

மறுவிசாரணை நடக்காது. தீர்ப்பு பாதுகாப்பற்றதா என்பது ஒன்றே கேள்வி. "ஜூரி நம்பியிருக்கக் கூடாது" என்பது காரணமாகாது. நீதிபதி சட்டத்தைத் தவறாக எடுத்துச் சொன்னது, ஏற்கக் கூடாத சாட்சியத்தை ஏற்றது, அப்போது கிடைத்திராத புதிய சாட்சியம் போன்றவை காரணமாகும். நிபுணர் சாட்சியத்தின் பிழையும் அப்படித்தான். சாலி கிளார்க் வழக்கில் ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாகத் திடீரென இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு மருத்துவ நிபுணர் சொன்னார். இரண்டு மரணங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போட்ட தப்புக் கணக்கு அது. 1999இல் வந்த தண்டனை 2003இல்தான் ரத்தானது, அதற்கும் முக்கியக் காரணம் வெளியே வராமல் கிடந்த ஆய்வுக்கூட முடிவு.

விசாரணை நடத்திய பாரிஸ்டர், மேல்முறையீட்டுக்கு வழி உண்டா இல்லையா என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். புதிய பாரிஸ்டரைப் பிடித்தால் அவர் பழைய வக்கீல்களிடம் நடந்ததைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே மனுப் போட வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும். மனுவை முதலில் ஒரு நீதிபதி தாளில் மட்டும் பார்ப்பார். அவர் மறுத்தால் முழு அமர்விடம் புதுப்பிக்கலாம். ஆனால் ஆதாரமே இல்லாமல் புதுப்பித்தால், சிறையில் கழித்த நாள்களில் சிலவற்றைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காமல் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எல்லா வழியும் அடைபட்ட பிறகு பர்மிங்காமில் 1997 முதல் இயங்கும் குற்ற வழக்கு மறுஆய்வு ஆணையத்துக்கு இலவசமாக மனுப் போடலாம். அதற்கு அநேகமாகப் புதிதாக ஏதாவது வேண்டும். எனவே வழக்குக் கட்டு, போன் பதிவுகள், நிபுணர் அறிக்கைகள் எதையும் தூக்கிப் போடாமல் சொலிசிட்டரிடமிருந்து முழுப் பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள்.